‘காகிதத்தையா கறக்கப் போறோம்?’ – கிடேரி வாங்கும் முன் ஒரு கணக்கு!

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேரின் கைகள் மீதும் போட்டு மூடுவார்கள். துண்டுக்குள் ஒருவர் விரலை இன்னொருவர் பிடித்து அழுத்துவார். இத்தனை விரல் என்றால் இத்தனை ஆயிரம். படியவில்லை என்றால் கையை உதறிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது.

அந்த ரகசியம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாங்கிய மாட்டுக்குள் இருக்கும் ரகசியம் வெளியே வர சில நேரம் இரண்டு வருடம் ஆகும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டம். கட்டுத்தரையில் ஏற்கெனவே இரண்டு கலப்பினப் பசுக்கள். நாட்டு மாட்டுப் பாலுக்கு வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்பதால் மருமகள் மகளிர் குழுவில் கடன் எடுத்திருக்கிறார். ஒரு கிர் கிடேரி வாங்கி, அதிலிருந்து நாலைந்து உருப்படிகளாகப் பெருக்க வேண்டும் என்பது திட்டம்.

அவர்கள் முன்னால் இரண்டு கிடேரிகள் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒன்றரை வயது. அதே செம்மை நிறம், அதே புடைத்த நெற்றி, சுருட்டிய இலைபோல அதே நீளக் காதுகள். முதல் கிடேரி 45,000 ரூபாய். “தாய் நேரத்துக்கு ஆறு லிட்டருங்க. பேச்சே இல்லை” என்கிறார் தரகர். இரண்டாவது 80,000 ரூபாய். அதோடு ஒரு ஃபைலும் வருகிறது. தாய், தகப்பன், பாட்டி, தாத்தாக்களின் எண்கள், தாயின் பால் பதிவு எல்லாம் அதில் இருக்கின்றன.

மாமனார் மாடு பார்த்தே வளர்ந்தவர். சுழி பார்க்கிறார், பல் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். இரண்டும் அவருக்குத் திருப்தி. ஃபைலைக் காட்டியதும் சிரிக்கிறார்.

“ஏம்மா, காகிதத்தையா கறக்கப் போறோம்?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிடலாம்.

கண் எதைப் பார்க்கும்?

அனுபவசாலியின் கண் பொய் சொல்லாது. குளம்பு சரியில்லை, பின்னங்கால் வளைந்திருக்கிறது, காம்பு அமைப்பு கோணல், மாடு மிரளும் குணம் கொண்டது என்பதையெல்லாம் எந்தச் சான்றிதழும் காட்டாது. அதை நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லைப் பார்த்து வயதையும் சொல்லிவிடலாம். சுமார் இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பற்கள் முளைக்கும். ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’, ‘கடை சேர்ந்தது’ என்று சந்தையில் சொல்வது இந்தக் கணக்குத்தான்.

ஆனால், பால் விஷயத்தில் கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. கறவையில் இருக்கும் பசுவை வாங்கினால் எதிரிலேயே கறந்து பார்க்கலாம். கிடேரி இன்னும் கறக்கவில்லை. பொலிகாளையோ வாழ்நாள் முழுக்கக் கறக்கப்போவதில்லை. இந்த இரண்டுக்கும் பால் திறனைச் சொல்லும் சாட்சி, அவற்றின் சொந்தபந்தம் மட்டுமே.

‘சுத்தமான கிர்’ என்றால் போதாதா? போதாது. தேசிய கால்நடை மரபணு வள அமைப்பு தரும் தகவலின்படி, கிர் பசு ஓர் ஈத்துக்குச் சராசரியாகச் சுமார் 2,100 கிலோ பால் தருகிறது. ஆனால், அந்த இனத்துக்குள்ளேயே 800 கிலோ தரும் பசுவும் உண்டு, 3,300 கிலோ தரும் பசுவும் உண்டு. இரண்டுமே சுத்தமான கிர்தான். நெற்றியும் காதும் இனத்தைச் சொல்லும். அந்த இனத்துக்குள் இந்த மாடு எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்லாது.

காலமும் முக்கியம். கிர் கிடேரி தலை ஈத்துக்கு வர மூன்று முதல் நான்கு வயது ஆகும். ஒன்றரை வயதில் வாங்கினால் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருடத் தீவனம் போட்ட பிறகுதான் முதல் சொட்டுப் பாலைப் பார்க்க முடியும். ஏமாந்தது அப்போதுதான் தெரியும். குழுக் கடனின் தவணை அதுவரை காத்திருக்காது.

‘நேரத்துக்கு ஆறு லிட்டர்’ என்றால் என்ன?

தரகர் சொன்னது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். அந்தத் தாய் என்றோ ஒரு நாள் காலையில் ஆறு, மாலையில் ஆறு கறந்திருக்கலாம். ஆனால், அது கன்று ஈன்ற முதல் இரண்டு மாதங்களுக்குள் வரும் உச்சம். அதன் பிறகு பால் படிப்படியாக இறங்கும்.

அதனால்தான் பதிவேடுகளில் ஒரு நாள் பாலைக் கணக்கில் எடுப்பதில்லை. கன்று ஈன்றது முதல் 305 நாள்களின் மொத்தப் பாலை எழுதுகிறார்கள். தினமும் அளக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள், காலையும் மாலையும் அளந்து, அதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுவார்கள்.

உச்ச நாள் 12 லிட்டர் என்றால், 12-ஐ 305-ஆல் பெருக்கி 3,660 லிட்டர் என்று மனக்கணக்குப் போடுபவர்கள் உண்டு. அது தவறு. உத்தேசமாக 200-ஆல்தான் பெருக்க வேண்டும். சுமார் 2,400 லிட்டர்தான் வரும். பால் சீக்கிரம் வற்றும் மாடாக இருந்தால் இன்னும் குறையும். தரகரின் வாய்க்கணக்குக்கும் பதிவேட்டின் கணக்குக்கும் நடுவில் 1,000 லிட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

35,000 ரூபாய் கூடுதல் தகுமா?

இரண்டு கிடேரிகளுக்கும் இடையே 35,000 ரூபாய் வித்தியாசம். அந்த ஃபைல் அவ்வளவு பெறுமா? உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கிர் இனத்தின் சராசரி 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபைலில் தாயின் பால் 3,000 லிட்டர் என்று இருக்கிறது. சராசரியைவிட 1,000 லிட்டர் அதிகம். மகளுக்கும் இந்த 1,000 அப்படியே வந்துவிடுமா? வராது. அந்த 1,000-ல் பெரும்பகுதி நல்ல தீவனமும் நல்ல பராமரிப்பும் தந்தது. பால் அளவில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் பிறவியால் வருவது சுமார் 30 சதவிகிதம்தான். அதாவது 300 லிட்டர். கன்றுக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. எனவே, தாய் வழியாக மகளிடம் எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் 150 லிட்டர்.

ஐந்து ஈத்துக்கு 750 லிட்டர். லிட்டர் 40 ரூபாய் என்றால் 30,000 ரூபாய். கொடுத்த 35,000 திரும்பவில்லை.

இப்போது தகப்பன் பக்கத்தைப் பார்ப்போம். ஃபைலில் காளையின் பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தக் காளைக்குப் பல ஊர்களில் மகள்கள் பிறந்து, அந்த மகள்களின் பாலை அளந்து, ‘இந்தக் காளையின் மரபுத் திறன் சராசரியைவிட 600 லிட்டர் அதிகம்’ என்று கணித்திருந்தால், அதில் பாதியான 300 லிட்டரை நம் கிடேரியிடம் எதிர்பார்க்கலாம். தாய் வழி 150, தகப்பன் வழி 300. ஈத்துக்கு 450 லிட்டர், ஐந்து ஈத்துக்கு 2,250 லிட்டர், 90,000 ரூபாய். கூடுதல் பாலுக்குக் கூடுதல் தீவனம் போட வேண்டும்தான். அதைக் கழித்தாலும் 35,000 கொடுத்தது நஷ்டமில்லை. அந்தக் கிடேரி போடும் பெண் கன்றுகளுக்கும் இதில் பாதி போகும்.

ஆக, ஃபைல் இருக்கிறது என்பதற்காகப் பணம் கொடுக்கக் கூடாது. உள்ளே என்ன எண்கள் இருக்கின்றன என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தாத்தா பெயர்களை வரிசையாக எழுதி, ஒரு பால் கணக்குகூட இல்லாத சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இவை எதிர்பார்ப்பு மட்டுமே. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு கன்றுகளில் ஒன்று நன்றாகக் கறக்கும், இன்னொன்று ஏமாற்றும். அக்கா, தங்கை ஒரே மாதிரி இருப்பதில்லையே! ஒரு மாட்டுக்குப் பதிவேடு உத்தரவாதம் தராது. பத்து மாடு வாங்கும்போது அதில் எத்தனை தேறும் என்பதை அது மாற்றும்.

காளை வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தவறான கிடேரி ஒரு கட்டுத்தரையோடு நிற்கும். ஒரு பொலிகாளை ஆண்டுக்கு ஐம்பது பசுக்களைச் சினையாக்கும். அதன் குறை ஊர் முழுக்கக் கன்றாகப் பிறக்கும்.

பட்டியின் பெயரே பதிவேடாக இருந்த காலம்

நம் ஊரில் இதெல்லாம் புதிதா? இல்லை. கொங்கு நாட்டில் ‘இன்ன பட்டியில் பிறந்த காளை’ என்று சொன்னாலே விலை ஏறும். காங்கயம் இனத்தை வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பெயர் உண்டு. எந்தப் பசுவுக்கு எந்தக் காளை, எந்தக் கன்று எங்கே போனது என்பதைப் பெரியவர்கள் தலைமுறைக்கணக்கில் நினைவில் வைத்திருந்தார்கள். அதுவும் வம்சாவளிப் பதிவுதான். காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான். சொல்பவர் காலமானால் அந்தப் பதிவும் போய்விடும். தெரியாத ஊர்க்காரருக்கு விற்கும்போது அந்தப் பெயர் செல்லாது.

இந்த நினைவை அச்சில் ஏற்றியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கோட்ஸ். ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்சாவளியைத் தொகுத்து 1822-ல் அவர் வெளியிட்ட புத்தகம், மாட்டினங்களுக்கான பதிவேடுகளில் முன்னோடி. இந்தியாவிலும் மத்திய அரசின் மந்தைப் பதிவுத் திட்டம் உண்டு. ரோத்தக், அகமதாபாத், ஓங்கோல், அஜ்மீர் ஆகிய ஊர்களை மையமாகக் கொண்டு, கிர், காங்கிரேஜ், ஹரியானா, ஓங்கோல் ஆகிய மாட்டினங்களையும் முர்ரா, ஜாஃப்ராபாடி, மேசானா, சுர்த்தி ஆகிய எருமை இனங்களையும் அது எடுத்துக்கொண்டது. நம் காங்கயமும் புலிக்குளமும் உம்பளச்சேரியும் அந்தப் பட்டியலில் இல்லை.

பதிவின் மதிப்பைப் பார்க்க பிரேசில் வரை போக வேண்டும். ஆந்திராவின் ஓங்கோல் மாடுகளும் குஜராத்தின் கிர் மாடுகளும் கப்பலேறி அங்கே போயின. ஓங்கோல் மாட்டுக்கு அங்கே ‘நெலோர்’ என்று பெயர். நம் நெல்லூர்தான் அது. உபெராபா நகரில் இருக்கும் வளர்ப்போர் சங்கம் தலைமுறை தலைமுறையாகக் கன்றுகளைப் பதிவு செய்தது. 2023-ல் வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு ஏலம் போனது. அந்த விலைப்படி முழுப் பசுவின் மதிப்பு சுமார் 43 லட்சம் டாலர், அதாவது 35 கோடி ரூபாய்க்கு மேல். உலகின் விலை உயர்ந்த பசு என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றது. அழகுக்காக மட்டும் யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை. அதன் கருமுட்டையிலிருந்து என்ன பிறக்கும் என்று முன்கூட்டியே கணிக்கப் பல தலைமுறைப் பதிவு அவர்கள் கையில் இருந்தது.

ஒரு காளை, ஐந்து லட்சம் கரு

பதிவு பாலுக்கு மட்டும் அல்ல. பரம்பரைக் குறையைப் பிடிப்பதற்கும் அதுதான் வழி.

1962-ல் அமெரிக்காவில் பிறந்தது ‘சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளை. அதன் மகள்கள் பாலைக் கொட்டினார்கள். அதனால் அதன் விந்து எங்கும் பரவியது. மகள்கள் மட்டும் சுமார் 16,000. ஆனால், சீஃப்பின் உடலில் ஒரு மரபணுக் கோளாறும் ஒளிந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் கன்றுக்கு ஒன்றும் ஆகாது. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். 2016-ல் வெளியான ஆய்வு, உலகம் முழுக்கச் சுமார் ஐந்து லட்சம் கருக்கள் இதனால் கலைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. அத்தனை நாட்டு மாடுகளின் வம்சாவளியும் எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான், மூலம் ஒரே காளை என்று கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது சோதித்து அந்தக் கோளாறு உள்ள காளைகளை ஒதுக்குகிறார்கள்.

நம் கிராமத்துக் கதைக்கு வருவோம். சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் உறைவிந்து எந்தக் காளையுடையது என்று பலரும் கேட்பதில்லை. மூன்று வருடம் கழித்து, பிறந்த கிடேரிக்கும் அதே காளையின் விந்தைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. தகப்பனுக்கும் மகளுக்கும் சேர்க்கை என்றால், பிறக்கும் கன்றின் மரபணு இடங்களில் 25 சதவிகிதத்தில் ஒரே பிரதிதான் இரண்டு பக்கமும் இருக்கும். ஒளிந்திருக்கும் குறை வெளியே வருவது இப்படித்தான். சினை பிடிக்காமை, நோஞ்சான் கன்று, குறையும் பால் என்று அது தலைகாட்டும். ‘மாடு ராசியில்லை’ என்று விற்றுவிடுகிறோம். காளை எண்ணை எழுதி வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

ஃபைலை எப்படிப் படிப்பது?

* முதலில் எண். காதில் மஞ்சள் நிறக் காதுவில்லை இருக்கும். அதில் உள்ள 12 இலக்க எண்ணும் ஃபைலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். காதுவில்லை இருந்தாலே வம்சாவளி இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது அடையாள எண் மட்டும். அந்த எண்ணோடு தாய், தகப்பன் எண்களும் ‘பாரத் பசுதன்’ தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தால்தான் பயன். கால்நடை மருத்துவரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார்.

* பிறந்த தேதியும் பல்லும் ஒத்துப்போகிறதா? ‘ஒன்றரை வயது’ என்று எழுதியிருக்கும் கிடேரிக்கு நாலு பல் இருந்தால் ஃபைல் வேறு மாட்டுக்கு உரியது.

* தாயின் ஈத்துத் தேதிகளைப் பாருங்கள். சினைக்காலமே ஒன்பது மாதத்துக்கு மேல். இரண்டு ஈத்துக்கு இடையே பத்து மாதம்கூட இல்லை என்றால் யாரோ உட்கார்ந்து எழுதிய கணக்கு அது. இடைவெளி இரண்டு வருடம் என்றால் சினை பிடிப்பதில் சிக்கல் இருக்கலாம்.

* பால் கணக்கில் நான்கு கேள்விகள்: எத்தனையாவது ஈத்து? எத்தனை நாள்? எத்தனை முறை அளந்தார்கள்? அளந்தது யார்? விற்பவரே அளந்ததைவிட வெளி ஆள் அளந்த கணக்குக்கு மதிப்பு அதிகம். ஓர் ஈத்தைவிட மூன்று ஈத்தின் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

* தகப்பன் காளையின் எண், அது எந்த உறைவிந்து நிலையத்தைச் சேர்ந்தது, அதன் மகள்களின் பால் விவரம் கிடைக்குமா என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பசுக்களின் வம்சத்தில் அதே காளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* சான்றிதழ் கொடுத்த அமைப்பைத் தொடர்புகொண்டு எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். பெரிய தொகை என்றால், முடியையோ ரத்தத்தையோ கொடுத்து டி.என்.ஏ மூலம் தாய், தகப்பனை உறுதி செய்யும் சோதனையும் இருக்கிறது.

* வம்சாவளிச் சான்றிதழில் நோய் விவரம் இருக்காது. கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ், காசநோய் ஆகியவற்றுக்குத் தனியாகச் சோதனை செய்யுங்கள். பெண் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லோசிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டார்களா என்று கேளுங்கள்.

நாற்பது பக்க நோட்டு போதும்

ஃபைலோடு வரும் கிடேரியை வாங்கப் பணம் இல்லையா? உங்கள் கட்டுத்தரையிலேயே பதிவேட்டைத் தொடங்கலாம்.

சினை ஊசி போடும்போது உறைவிந்துக் குச்சியைக் கேட்டு வாங்குங்கள். காளையின் எண், இனம், நிலையம் எல்லாம் அதன் மேலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஊசி போட்ட தேதி, காளை எண், கன்று ஈன்ற தேதி, கன்றின் காதுவில்லை எண் என நான்கு வரி. பிறகு மாதம் ஒரு நாள் காலையும் மாலையும் பாலை அளந்து எழுதுங்கள். ஓர் ஈத்துக்குப் பத்து நாள் வேலை. மூன்று வருடம் கழித்து அந்தக் கன்றை விற்கும்போது, ‘நேரத்துக்கு ஆறு லிட்டருங்க’ என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. நோட்டை நீட்டினால் போதும்.

சந்தைக்குத் திரும்புவோம். மாமனாரின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

“மாட்டைத்தானுங்க மாமா கறக்கப் போறோம். ஆனா, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கறக்க முடியாதே... அதுவரைக்கும் எதை நம்பறதுங்க?” என்கிறார் மருமகள்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டாவது கிடேரியின் காதைப் பிடித்தார். “நீ ஃபைலைப் பாரும்மா, நான் சொல்றேன்” என்று ஒவ்வொரு எண்ணாகப் படிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தோளில் இருந்த துண்டை எடுத்தார்.